கோகிலாவின் முந்நூறு பதில்கள்

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் காதர் மைதீன் நானாவின் கோப்பிக் கடைக்குள் முதல் தடவையாக நுழைகிறவருக்கு, அங்கே இருக்கிற இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சுவரில் ஒரு மரப்பெட்டி. அதற்குள்ளிருந்து ஒருவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார். அந்தப் பதில் என்ன என்று கடையில் அத்தனை பேருக்கும் தெரியும். சொல்கிறவர் எங்கே தடுமாறுவார், எங்கே தொண்டையைச் செருமுவார் என்பதுகூடத் தெரியும். இருந்தும் கோப்பி ஆறிப்போவது தெரியாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அது கம்பி ரேடியோ. காற்றில் வருகிற ரேடியோ இல்லை. தெருவிளக்குக் கம்பங்களோடு கம்பி இழுத்து, மலாக்காவில் காஜா பெராங் சாலையின் கடைகளுக்குள்ளும் சில வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பெட்டியில் ஒரே ஒரு திருகு. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். 1955இல் அந்தப் பெட்டியில் ‘பத்துக்குப் பத்து’ என்று ஒரு போட்டி வந்தது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடி, பத்தும் சரியென்றால் ஒரு தையல் மெஷின் பரிசு. ஒன்றரை வருஷம் ஓடி, நாட்டுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோனது. கேள்வி கேட்டவர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். பிறகு புதுப் போட்டிகள் என்னென்னவோ வந்தன. ஒன்றும் காஜா பெராங்கில் எடுபடவில்லை. கம்பி ரேடியோக் கம்பெனிக்காரர்கள் விவரமானவர்கள். மிஞ்சியிருந்த பழைய ரீல்கள் முப்பதைத் தூசி தட்டி எடுத்து, சனிக்கிழமைதோறும் மறு ஒலிபரப்பு செய்ய ஆரம்பித்தார்கள். கடை மறுபடி நிறைந்தது.

“அந்தக் காலம் மாதிரி வருமா?” என்பார் துணிக்கடை உமர். நாலே வருஷத்துக்கு முந்தியதை அந்தக் காலம் என்று சொல்ல இவர்களுக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. ஆனால் ஒன்று, ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறினால் நடுவில் நாற்பது வருஷம் போன மாதிரிதான் இருக்கும்போல. ரீல் ஓடத் தொடங்கியதும் உமருக்குத் தலையில் முடி திரும்ப முளைத்துவிடும். செத்துப்போன கூட்டாளிகள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நாடு என்ன ஆகப்போகிறது, நாம் என்ன ஆகப்போகிறோம் என்று எல்லாவற்றுக்கும் பதில் பாக்கி இருந்த நாட்கள் அவை. பதிலெல்லாம் வந்துவிட்டது. கேள்வி கேட்ட நாட்கள்தான் அவருக்கு ருசித்தன.

முப்பது ரீலிலும் கடைக் கூட்டத்துக்குச் செல்லம், தைப்பிங் ஸ்டேஷன் மாஸ்டர் ராஜரத்தினம் வருகிற ரீல். மனிதர் ஒன்பது கேள்விக்கு மடமடவென்று பதில் சொல்லிவிட்டு, பத்தாவதில் கோட்டைவிடுவார். யானை எத்தனை மாதம் குட்டியைச் சுமக்கும் என்பது கேள்வி. ஒவ்வொரு தடவையும் கடையே எழுந்து நின்று, “இருபத்திரண்டு! இருபத்திரண்டு!” என்று பெட்டியைப் பார்த்துக் கத்தும். ஒவ்வொரு தடவையும் ராஜரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பதினெட்டு மாதம், ஐயா” என்பார். தையல் மெஷின் போயே போய்விடும். “அடுத்த தடவ சொல்லிடுவாரு பாரு” என்பார் உமர், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண் கோகிலா. இருபத்து நாலு வயது, பிரசவ நர்ஸ். சைக்கிள் மிதித்துக்கொண்டு செங் வரைக்கும், புக்கிட் பாரு வரைக்கும் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டு வருகிறவள். கடைக்குப் பின்னால் உள்ள கம்போங் செட்டிக் குடியிருப்பில் வீடு. அம்மா பொன்னம்மா செய்கிற பலகாரத்தட்டைக் கடை மேசையில் வைக்க வருகிறவள், ரீல் முடியும்வரை போகமாட்டாள். கேள்வி கேட்பவர் வாயை மூடுவதற்குள் இவள் பதிலைச் சொல்லிவிடுவாள். முப்பது ரீல், முந்நூறு பதில். ஒன்றுகூடத் தவறாது.

அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை.

மலாக்கா செட்டிகள் அப்படி. பல நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வணிகத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்கள். பெயர் தமிழ், சாமி தமிழ்ச் சாமி, கோயிலில் விபூதி. பேச்சு மட்டும் மலாய், அதுவும் அவர்களுக்கென்று ஒரு தினுசு மலாய். கோகிலாவுக்குப் பிரசவத்துக்கு வேண்டிய ஏழெட்டுத் தமிழ் வார்த்தை தெரியும். முக்கு, மூச்சு வாங்கு, பொம்பளப் புள்ள, ஆம்பளப் புள்ள. அதற்கு மேல் இந்த முந்நூறு பதில்கள்தான். அவற்றை அவள் மெட்டு மாதிரி மனத்தில் போட்டு வைத்திருந்தாள். கேள்வியின் ஓசை வந்தால் பதிலின் ஓசை தானாக வாயில் வந்துவிடும். பாதிக்கு மேல் பொருள் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? அந்தக் குரல் தமிழ் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவளுக்குப் பிடித்திருந்தது. தன் பெயர் எங்கேயிருந்து வந்ததோ அந்த வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

வக்கீல் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி சேதுராமன் அவளை அங்கேதான் பார்த்தான். இவ்வளவு தமிழ் தெரிந்த பெண்ணா என்று அசந்துபோய், மூன்று மாதம் ஓயாமல் தமிழில் பேசினான். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்த பிறகுதான், எதிரே இருப்பவளுக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் மலாயில் இன்னொரு முறை சொல்லவேண்டி வந்தது. இரண்டாம் முறை சுருக்கமாகச் சொன்னான். அவளும் சரி என்றுவிட்டாள்.

தகராறு சேதுராமனின் அம்மாவிடம். சாரதாம்பாள் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், புருஷனை இழந்து மூன்று வருஷம் ஆகிறது, ஒரே மகன். ஆணோ பெண்ணோ பார்க்காமல் நேருக்கு நேர் பேசுகிற வாய். செட்டிப் பெண் என்றதும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“தமிழ் பேசுவாளாடா?”

அந்த இடத்தில் ஓர் ஆம்பளையாக நின்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சேதுராமன் கிராணி இல்லையா, வார்த்தையைக் கெட்டிக்காரத்தனமாக வைத்தான். “பேசுவாளாவா? பத்துக்குப் பத்துல அந்தாளு வாயத் தொறக்குறதுக்குள்ள இவ பதில் சொல்லிடுவா ம்மா. கடையில கேட்டுப் பாருங்க.”

“கடையில எதுக்குக் கேக்கணும்? நானே வரேன்.”

சேதுராமன் செருப்பைக்கூட மாட்டவில்லை. ஓடிவந்து கோகிலாவிடம் சொன்னான். அவள் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வரட்டும். இந்தச் சனிக்கிழமையே வரச் சொல்,” என்றாள் மலாயில். “அடுத்த வாரம் என்றால்தான் கஷ்டம்.”

அதுவும் உண்மை. ரீல்கள் தேய்ந்துவிட்டதால் இந்தச் சனிக்கிழமையோடு மறு ஒலிபரப்பு முடிகிறது, நேயர் விருப்பப்படி கடைசியாக ராஜரத்தினத்தின் ரீல் என்று பெட்டியிலேயே சொல்லிவிட்டார்கள். உமர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

“முடிந்த பிறகு அம்மா உன்னிடம் பேசுவார்களே?”

“இரண்டு நிமிஷம் பேசுவார்கள். ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’ எனக்குத் தெரியும். எதை எப்போது சொல்வது என்று முகத்தைப் பார்த்தால் தெரியாதா? தலைப்பிரசவத்துக்குப் பயந்து கத்துகிற பெண்களையே சமாளிக்கிறேன், உன் அம்மாவைச் சமாளிக்க மாட்டேனா? போலே.” முடியும் என்பதற்கு மலாயில் போலே. அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்கிற தோரணையில் சேதுராமனுக்கே தெம்பு வந்துவிடும்.

சனிக்கிழமை கடைக்குள் ஈ நுழைய இடமில்லை. நானா சாரதாம்பாளுக்குக் காற்றாடிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, கோப்பியைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். பெட்டிக்கு மேலே, மெர்டேக்காவுக்குப் பிறகு அவர் வாங்கி மாட்டிய நம் நாட்டு மாமன்னரின் படம். பெட்டிக்குப் பக்கத்தில் கோகிலா, இடுப்பில் புது சாரோங்கும் மேலே கெபாயாச் சட்டையும், தலையில் ஒரு முழம் மல்லிகையும். மல்லிகை அவளாக யோசித்து வைத்தது. சாரதாம்பாள் அதைக் கவனித்தாள். சாரோங்கையும் கவனித்தாள்.

மணி அடித்தது. “வணக்கம், நேயர்களே” என்றது பெட்டி. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“கங்கை எந்த மலையில் பிறக்கிறது?”

“இமயமலையில்,” என்றாள் கோகிலா. “இமயமலையில்,” என்றார் ராஜரத்தினம்.

“சிலந்திக்கு எத்தனை கால்கள்?”

“எட்டு.” “எட்டு.”

சாரதாம்பாளின் புருவம் உயர்ந்தது. சேதுராமன் சுவரோடு சுவராக நின்றுகொண்டு, அம்மாவின் புருவத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஆறாவது கேள்வி, திருவாரூரின் பெருமை எது என்பது. கோகிலா வாயைத் திறப்பதற்குள் சாரதாம்பாளே, “தேரு” என்றுவிட்டாள். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “அவரு சொல்லுவாரு இத,” என்று நானாவிடம் சொன்னாள். “பக்கத்து வீட்டுப் பெட்டியில கேட்டுக்கிட்டு, வாசல்ல நின்னபடியே சொல்லுவாரு. மொதல்ல இந்தக் கேள்வி வந்தப்ப இருந்தாரு மனுஷன்.” நானா கோப்பியை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். கோகிலாவுக்கு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் இவளை ஏமாற்றுகிறோமே என்று முதன்முதலாக உறுத்தியது.

உறுத்தினாலும் ஓசை நிற்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது கேள்விக்குக் கடை எழுந்து நின்றது. இதுதான் கடைசித் தடவை. இதை விட்டால் ராஜரத்தினத்துக்குப் பிழைக்க வழியில்லை. “இருபத்திரண்டு! சொல்லுங்க சார்! இருபத்திரண்டு!” என்று உமர் கையைக் கூப்பிக்கொண்டு கத்தினார். அந்தக் கூச்சலின் நடுவே கோகிலா தொண்டையைச் செருமினாள். “பதினெட்டு மாதம், ஐயா,” என்றாள்.

பெட்டியும் செருமியது. “பதினெட்டு மாதம், ஐயா.”

அதே செருமல், அதே இழுவை, அதே ஐயா. சாரதாம்பாள் பெட்டியைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள். கடையில் மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் ராஜரத்தினத்துக்காக உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். வணக்கம் சொல்லி ரீல் முடிந்து, ஏதோ ஒரு பாட்டு வந்தது. நானா போய்த் திருகைக் குறைத்தார். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் மாதிரி ஒருவரும் முதலில் எழவில்லை.

“ஏம்மா,” என்றாள் சாரதாம்பாள். “புள்ளப்பேறு பாக்குற பொண்ணு நீ. யானைக்குப் பதினெட்டு மாசமா?”

“ஆமாங்க,” என்றாள் கோகிலா, மலர்ந்த முகத்தோடு.

“இவ்ளோ பேரு இருபத்திரெண்டுன்னு கத்துனாங்களே, காதுல விழலயா?”

“இல்லீங்க.”

இரண்டு பதிலும் பொருந்தித்தான் போயின, அதிர்ஷ்டம். சாரதாம்பாள் விடவில்லை. மூன்று வயதுப் பிள்ளையும் சொல்லிவிடுகிற ஒன்றைக் கேட்டாள். “சரி, சுலுவா ஒண்ணு கேக்குறேன். நம்ம ராஜா யாரு?”

கோகிலாவின் காதில் விழுந்தது ‘ராஜா’, ‘யாரு’ என்ற இரண்டு ஓசைதான். பன்னிரண்டாவது ரீல், நாலாவது கேள்வி. ‘மலாக்காவுக்கு சுல்தான் கிடையாதே, அப்படியானால் நமக்கு ராஜா யார்?’ என்று கேட்பார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து ரீல் அது. இருபது விநாடி எதற்கு, இரண்டு விநாடி போதும். மாமன்னரின் படத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கணீரென்று சொன்னாள்.

“இங்கிலாந்து மகாராணி!”

உமருக்குக் கோப்பி மூக்கில் ஏறியது. கடை கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தது. “மெர்டேக்கா வந்து ரெண்டு வருஷம் ஆச்சு லா!” என்று யாரோ மேசையைத் தட்டினார்கள். கோகிலா நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்பது எந்த மொழியிலும் புரியக்கூடிய விஷயம்தான்.

சாரதாம்பாள் சிரிக்கவில்லை. எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். “பெத்தவகிட்ட பொய் சொல்லிட்டியேடா,” என்றாள் மகனிடம், மெதுவாக. கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். வாசலை நோக்கி நடந்தாள்.

அவள் படி இறங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. கோகிலாவுக்கு அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. பிரசவத்தில் கை நடுங்கக்கூடாத நிமிஷம் ஒன்று வரும். இது அப்படிப்பட்ட நிமிஷம். “மாச்சிக், கொஞ்சம் நில்லுங்கள்,” என்றாள் மலாயில், அத்தை என்று கூப்பிடுகிற மரியாதையோடு.

சாரதாம்பாள் நின்றாள்.

“எனக்குத் தமிழ் தெரியாது. பெட்டியில் வருகிற பதில் மட்டும்தான் தெரியும், அதுவும் பொருள் தெரியாமல். உங்களை ஏமாற்றினது தப்பு. உங்கள் மகன் பயந்துபோய்ச் சொன்னார், நான் பயப்படாமலே ஒத்துக்கொண்டேன். அதனால் என் தப்புத்தான் பெரிசு. ஆனால் அவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவது பொய்யில்லை.”

அவள் சொன்னதை மகன் தமிழில் சொல்வதற்காகச் சாரதாம்பாள் காத்திருக்கவில்லை. திரும்பி, தமிழிலேயே பொரிந்து தள்ளினாள்.

“எம் மேல மரியாத வைப்பா, வேளைக்குச் சோறு போடுவா, எல்லாஞ் சரி. நாளைக்கு ஒரு புள்ள பொறந்தா எந்தப் பாசையில கொஞ்சுவா? என்னா சொல்லித் தூங்க வைப்பா? அவரு போயிட்டாரு. இவன் நாள் பூரா ஆபீஸ்ல இங்கிலீசு, வெளிய மலாய். வீட்டுல தமிழ்னா இப்ப நான் ஒருத்திதான். எம் மூச்சு நிக்கிற அன்னைக்கு எங்க வீட்டுத் தமிழும் நின்னு போவணுமா? சொல்லச் சொல்லு.”

கோகிலா சேதுராமனைப் பார்த்தாள். அவன், “அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்,” என்றான் மலாயில்.

“அட நீ ஒருத்தன்!” என்றார் நானா. “அவங்க கொடம் கொடமா ஊத்துறாங்க, நீ கரண்டியால மொண்டு குடுக்குறியா?” நகர்ந்து நில் என்று அவனைத் தள்ளிவிட்டு, சாரதாம்பாள் சொன்னதை ஒரு வரி விடாமல் மலாயில் கோகிலாவுக்குச் சொன்னார். மூச்சு நிற்கிற வரியைச் சொல்லும்போது அவர் குரலும் கொஞ்சம் இறங்கியது.

இந்தப் பெட்டிக்கு முன்னால் கோகிலா பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் பயப்படுவது வீண் பயமில்லை. அது தன் வீட்டிலேயே நடந்து முடிந்த கதை என்பது அவளுக்குத் தெரியும். எப்போதோ ஒருநாள், அவள் குடும்பத்தில் யாரோ ஒருவர் கடைசித் தமிழ் வார்த்தையைப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அது என்ன வார்த்தை, யாரிடம் சொன்னது, யாருக்கும் தெரியாது.

“மாச்சிக்,” என்றாள். “எங்கள் வீட்டில் அது நின்றுபோன நாள்கூட எங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் நிற்காது. நான் காலையில் சைக்கிளை எடுத்தால் திரும்ப மூன்று மணியாகும். சில நாள் இன்னும் நேரமாகும். வேலையை விடமாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் பிள்ளை யாரிடம் இருக்கும்? உங்களிடம். நீங்கள் கொஞ்சுங்கள், நீங்கள் திட்டுங்கள், நீங்கள் சோறு ஊட்டுங்கள். அது தமிழ் பேசாமல் வேறு எதைப் பேசும்? பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொள்கிறேன். பொருளோடு.”

நானா தமிழில் சொல்லத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சாரதாம்பாள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். கோகிலாவின் முன்னால் வந்து நின்று, அவளைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். பிறகு பேசினாள். பசாரில் முப்பது வருஷம் மீன்காரனோடு மல்லுக்கட்டித் தேறிய, ஒரு தடங்கல் இல்லாத மலாயில்.

“ராத்திரியில் வந்து கூப்பிட்டால் போவாயா?”

“அம்மா, ஒங்களுக்கு மலாய்...” என்று சேதுராமன் வாயைத் திறந்தான்.

“நீ சும்மா இருடா. ரெண்டு பொம்பளைங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல.” அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

“போகாமல் எப்படி?” என்றாள் கோகிலா. “பிள்ளை நேரம் பார்த்தா பிறக்கிறது?”

“அப்படியென்றால்,” என்றாள் சாரதாம்பாள், “நீ போகிற அன்றைக்கெல்லாம் பிள்ளை என் பக்கத்தில்தான் படுக்கும். இப்போதே சொல்லிவிட்டேன்.”